மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன்: சிரிக்காம கேளுங்க, மறைக்காம சொல்லுங்க

1/
சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதிட்டிருந்த டாக்டர் திடீர்னு ஏன் இதைப் பத்தி எழுதறாங்கன்னு சில பேருக்குத் தோணும். தோணட்டும். த்ரெட் நீளம்தான், பொறுமையா படிங்க. யாருக்கும் வெளியே சொல்லாம மனசுல வச்சிருக்கிற ஒரு பெண்ணுக்காவது இது போய்ச் சேரணும்.

2/
முதல்ல ஒண்ணு. நான் எம்.பி.பி.எஸ். மட்டும்தான், பிளாஸ்டிக் சர்ஜன் கிடையாது. மணலி புதுநகர் பக்கம் அரசு மருத்துவமனையில் ஓ.பி. பார்க்கிறவ. கன்டெய்னர் லாரித் தூசியில் வர்ற இருமல், கம்பெனியில் நின்னு நின்னு வீங்கின கால், குழந்தைக்குக் காய்ச்சல், இதுதான் என் அன்றாடம். ஆனா இந்த ஆபரேஷனைப் பத்தி ஒரு பெண் முதன்முதலா வாயைத் திறந்து கேட்கிற இடம் பெரும்பாலும் என்னை மாதிரி ஆள்கிட்டதான். அந்த இடத்திலேயே நாங்க தப்பு பண்றோம். நானும் பண்ணினேன்.

3/
அவங்களுக்கு 29 வயசு. பேக்கிங் கம்பெனியில் வேலை, ரெண்டு பிள்ளைங்க. (அவங்க சம்மதத்தோட எழுதறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) முதுகுவலின்னு சீட்டு போட்டுட்டு வந்தாங்க. மாத்திரை எழுதி முடிச்ச பிறகும் எழுந்து போகலை. "மேடம், ஒண்ணு கேக்கலாமா?"ன்னு போனை நீட்டினாங்க. மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு ஒரு கிளினிக்கோட விளம்பரம். மாதத் தவணை வசதி உண்டுன்னு பெரிய எழுத்துல போட்டிருந்தது.

4/
பின்னாடி வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. நான் சிரிச்சுட்டேன். "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே உனக்கு இதெல்லாம் எதுக்குமா? அந்தக் காசுக்குப் பிள்ளைங்களைப் படிக்க வை"ன்னேன். அவங்களும் சிரிக்கிற மாதிரி காட்டி, போனைப் பைக்குள்ள போட்டுட்டுப் போயிட்டாங்க. நல்ல அறிவுரை சொன்னதாத்தான் அன்னைக்கு நான் நினைச்சேன்.

5/
ஏழெட்டு வாரம் கழிச்சு திரும்ப வந்தாங்க. இந்த முறை கையில் ஒரு காகிதம். "ஃபிட்னஸ் வேணும் மேடம்." எந்த ஆபரேஷனுக்குன்னு கேட்டா பதில் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தா ஹீமோகுளோபின் 7.6. "மயக்க மருந்து டாக்டர் யாரு?"ன்னு கேட்டேன். "அப்படி யாரையும் காட்டலை மேடம். மரத்துப்போற ஊசி போட்டு ஒரு மணி நேரத்துல முடிச்சி சாயங்காலமே அனுப்பிடுவாங்களாம்." மகளிர் குழுவில் கடன் வாங்கி 15,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டியாச்சு. வீட்டுக்காரருக்குத் தெரியாது.

6/
இந்த முறை கதவைச் சாத்திட்டு, சிஸ்டரைப் பக்கத்துல வச்சிக்கிட்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஏம்மா இது வேணும்னு தோணுச்சு?" அவங்க பேசலை. துப்பட்டாவை விலக்கிக் காட்டினாங்க. அஞ்சு வயசுல கொதிக்கிற கஞ்சி கொட்டி வலது பக்க மார்பு முழுக்க வெந்த தழும்பு. இறுகிப்போன அந்தத் தோலுக்கு அடியில் ஒரு பக்க மார்பகம் சரியாவே வளரலை. வயசுக்கு வந்த நாளிலேருந்து கைக்குட்டையை மடிச்சு வச்சுத்தான் வெளியே போறாங்க. முதுகுவலிக்கும் பாதிக் காரணம் அதுதான்: மறைக்கிறதுக்காகக் கூனியே நடந்து பழகிட்டாங்க.

7/
"உனக்கு இதெல்லாம் எதுக்குமா?"ன்னு நான் சிரிச்சது இவங்ககிட்டதான்.

இதைச் சொல்றது என்னை நானே அடிச்சுக்கிறதுக்காக இல்லை. நான் விட்ட அந்த இடத்தில் ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்துடுச்சுங்கறதுக்காக. நாம காது கொடுக்கலைன்னா கேள்வி நின்னுடாது. அது வேற இடத்துக்குப் போகும். அங்கே சிரிக்க மாட்டாங்க, மரியாதையா உட்கார வச்சு டீ கொடுப்பாங்க. ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு மட்டும் கேட்க மாட்டாங்க.

8/
ஆச்சரியம் என்னன்னா, இந்த ஆபரேஷனுக்கு அரசு வாசல் நம்ம வடசென்னையிலேயே இருக்கு. 2018 பிப்ரவரியில் ராயபுரம் பக்கம் இருக்கிற ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மார்பகத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, சீரமைக்க இலவச அறுவை சிகிச்சைத் திட்டத்தை அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கி வைத்தார். ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக் கூடாது, நாம் செய்யாவிட்டால் அவர்கள் ஆபத்தான வழிக்குப் போவார்கள் அல்லது பெரிய கடன் வாங்குவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பிபிசி வரைக்கும் செய்தியானது.

9/
எதிர்ப்பும் வந்தது. பொது சுகாதாரத்துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர்களே, உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய கவனம் அழகுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். இணையத்தில் கேலிக்குக் குறைவே இல்லை. அப்போ நானும் அந்த மீம்களைப் பார்த்துச் சிரிச்சவதான்.

10/
கேலியை விடுங்க, அந்தக் கேள்வி நியாயமானது. அதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். ஸ்டான்லியின் பிளாஸ்டிக் சர்ஜரி துறை யாருக்காக வளர்ந்ததுன்னு பாருங்க. பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி 1971இல் அங்கே கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு ஆரம்பித்தார். பிரஸ்ஸில் நசுங்கின விரல், பெல்ட்டில் சிக்கின கைன்னு தொழிற்சாலை விபத்துகளில் அடிபட்டு வர்றவங்களுக்கு அந்தப் பிரிவு பெரிய ஆறுதல். தொழிலாளியோட விரலைத் தைக்கிற அதே நுணுக்கம்தான் தீக்காயத் தழும்பை விடுவிக்குது, புற்றுநோய்க்காக மார்பகத்தை இழந்த பெண்ணுக்கு அதைத் திரும்ப உருவாக்கித் தருது.

11/
எது சிகிச்சை, எது அழகுன்னு நடுவுல கோடு போடுறது நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. பிளவுபட்ட உதட்டைத் தைக்கிறோம், மாறுகண்ணைச் சரி பண்றோம். அதை யாரும் ஆடம்பரம்னு சொல்றதில்லை. பிறவியிலேயே ஒரு பக்கம் மார்பகம் வளராத பெண்கள் இருக்காங்க. அளவு மிகப் பெரிசா இருந்து தோள்பட்டையில் பட்டை பதிஞ்சு புண்ணாகிறவங்க இருக்காங்க. அறுவை சிகிச்சை தேடுற திருநங்கைகள் இருக்காங்க. 2008இலேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைச்ச மாநிலம் இது.

12/
என் கருத்தை வெளிப்படையா சொல்லிடறேன். குறை எதுவும் இல்லாம, அளவு மட்டும் கூடணும்னு கேட்கிறவங்களுக்கு அரசு செலவில் ஆபரேஷன் செய்யறதை நான் முதல் வரிசையில் வைக்க மாட்டேன். தீக்காயத்தில் கழுத்து ஒட்டிப்போனவங்க காத்திருக்கும்போது அது நியாயம் இல்லை. ஆனா சரியான தகவலுக்கு வரிசை கிடையாது. அது எல்லாருக்கும், முதல் நாளே, இலவசமா கிடைக்கணும். ஆபரேஷன் இலவசம்னு அறிவிக்கிற அரசு, ஒவ்வொரு ஓ.பி.யிலும் சிரிக்காம பேசுற 20 நிமிஷத்துக்கும் வழி செய்யணும். அந்த 20 நிமிஷத்தை இங்கேயே எழுதிடறேன்.

13/
முதல் கேள்வி: யாருக்காக?
உங்களுக்கா, வீட்டுக்காரருக்கா, கேலி பண்ணின யாருக்கோவா? உறவைக் காப்பாத்துறதுக்காகப் பண்ற ஆபரேஷன் உறவைக் காப்பாத்தினதை நான் பார்த்ததில்லை. ஒருநாளில் பல மணி நேரம் கண்ணாடி முன்னாடியே போகுது, மத்தவங்களுக்குத் தெரியாத குறை உங்களுக்கு மட்டும் பெரிசா தெரியுதுன்னா, முதல்ல மனநல மருத்துவரைப் பாருங்க. பைத்தியம்னு சொல்லலை. அந்த வேதனைக்குக் கத்தி மருந்தாகாது, அவ்வளவுதான்.

14/
இரண்டாவது: கத்தியில்லாத குறுக்குவழி.
க்ரீம், எண்ணெய், பவுடர், பம்ப் எதுவும் மார்பகத்தை நிரந்தரமா பெரிசாக்காது. ஹார்மோன் மாத்திரையை மெடிக்கல்ல தானே வாங்கிப் போட்டா ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஊசியில் சிலிக்கான் திரவம் ஏத்தறது எல்லாத்தையும் விட மோசம். அது ரத்தக்குழாய் வழியா நுரையீரலுக்கோ மூளைக்கோ போனா உயிரே போகும். முகத்துக்குப் போடுற ஃபில்லரை மார்பில் போடறதும் கூடாது. திருநங்கைத் தோழிகள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிங்க. குறைந்த விலைன்னு உங்களைக் குறிவச்சுத்தான் இந்த ஊசி வருது.

15/
மூன்றாவது: உள்ளே என்ன வைக்கிறாங்க?
சிலிக்கான் உறைக்குள்ள சிலிக்கான் ஜெல் இருக்கும், இல்லைன்னா உப்புநீர் இருக்கும். முதல் சிலிக்கான் இம்பிளான்ட் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வைக்கப்பட்டது. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனாலும் அது ஆயுளுக்கும் தாங்குற பொருள் இல்லை. பெரிதாக்குவதற்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் 8 முதல் 10 ஆண்டுக்குள் அதை எடுக்க வேண்டி வருதுன்னு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்லுது. 29 வயசுல வச்சா வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷன் வரும்னு எண்ணித்தான் முடிவெடுக்கணும். தவணைக் கணக்கு போடுறவங்க இந்த ரெண்டாவது செலவைச் சொல்ல மாட்டாங்க.

16/
நான்காவது: என்ன தப்பாகலாம்?
ரத்தக் கட்டு, சீழ். இம்பிளான்டைச் சுத்தி உடம்பு கட்டுற சவ்வு இறுகி, மார்பகம் கல் மாதிரி ஆகி வலிக்கறது. உள்ளுக்குள்ளேயே சத்தமில்லாம உறை கிழியறது. காம்பில் உணர்வு குறையறது. பிறகு தாய்ப்பால் கொடுக்கறதில் சிரமம். மிக அரிதா, இம்பிளான்டைச் சுற்றி ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்பிளான்டுகளில் இது அதிகம் தெரிஞ்சதால் 2019இல் அலெர்கன் நிறுவனம் அவற்றை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. 2021இல் இந்த ஆபத்துகளை எல்லாம் நோயாளிக்கு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கணும்னு எஃப்.டி.ஏ. கட்டாயமாக்கியது.

17/
பயமுறுத்த இல்லை. நல்லபடியா முடிஞ்சு நிம்மதியா இருக்கிற பெண்கள் ஏராளம். வழக்கமா வர்ற மார்பகப் புற்றுநோய் இதனால் அதிகமாகுதுன்னும் நிரூபணம் இல்லை. ஆனா பின்னாளில் மேமோகிராம் எடுக்கும்போது இம்பிளான்ட் இருக்குன்னு கட்டாயம் சொல்லணும், கூடுதல் படங்கள் எடுப்பாங்க. ஜெல் வகை வச்சிருந்தா 5, 6 வருஷத்துல ஒரு ஸ்கேன், அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒரு முறை.

18/
ஐந்தாவது: பொருளோட பிறப்புச் சான்று.
பிரான்ஸில் பி.ஐ.பி.ன்னு ஒரு கம்பெனி, மருத்துவத் தரம் இல்லாத தொழிற்சாலை சிலிக்கானை நிரப்பிப் பல நாடுகளுக்கு வித்தது. 2010இல் மாட்டியது, நிறுவனருக்குச் சிறைத் தண்டனை கிடைச்சது. அதனால் உங்க உடம்புக்குள்ள வைக்கிறது எந்தக் கம்பெனி, எந்த பேட்ச், என்ன சீரியல் நம்பர்னு ஸ்டிக்கரோட ஒரு கார்டு கேட்டு வாங்குங்க. ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வைங்க. நாளைக்கு ஏதாவது திரும்பப் பெற்றாங்கன்னா உங்ககிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

19/
ஆறாவது: யார், எங்கே?
எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்.சுக்கு மேல எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதுக்குச் சமமான டி.என்.பி. படிச்சவரா பாருங்க. "காஸ்மெட்டாலஜிஸ்ட்"ங்கற போர்டு போதாது. பதிவு எண்ணைக் கேட்டு மெடிக்கல் கவுன்சில் இணையதளத்துல தேடிப் பாருங்க. மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் கூட இருக்கணும். ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற மருத்துவமனையா இருக்கணும், அவசரத்துக்கு ஐ.சி.யூ. வேணும். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். மருத்துவம் படிச்ச பிள்ளைக்கே அந்த நிலைமைன்னா, தவணை விளம்பரத்தை மட்டும் பார்த்துப் போற நம்ம வீட்டுப் பெண்ணுக்கு?

20/
ஏழாவது: உடம்பைத் தயார் பண்றது.
• ரத்தம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகைன்னு 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது. இரும்புச்சத்து மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். இதைச் சரி பண்ணாம தேதி வாங்காதீங்க.
• சுகர், ஈ.சி.ஜி., மஞ்சள்காமாலை, எச்.ஐ.வி. பரிசோதனைகள். கர்ப்பம் இல்லைன்னு உறுதி செய்யணும்.
• 40 வயசுக்கு மேல, இல்லை அம்மா, அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தா, முதல்ல மேமோகிராம்.
• தாய்ப்பால் நிறுத்திக் குறைந்தது 3 முதல் 6 மாதம் ஆகட்டும். அடுத்த குழந்தை எண்ணம் இருந்தா தள்ளிப்போடுங்க. எடையும் நிலையா இருக்கணும்.
• புகை, ஹான்ஸ், வெற்றிலையோட போடுற புகையிலை எதுவா இருந்தாலும் முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் நிறுத்தணும். புண் ஆறாது.
• சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டர்கிட்ட சொல்லுங்க. தானா எதையும் நிறுத்தாதீங்க.

21/
எட்டாவது: வீட்டைத் தயார் பண்றது.
இதை எந்த விளம்பரமும் சொல்லாது. ஆபரேஷனுக்குப் பிறகு 4 முதல் 6 வாரம் கனம் தூக்கக் கூடாது. நம்ம ஏரியாவில் அதுக்கு என்ன அர்த்தம்? தண்ணி லாரி வந்தா குடத்தை யார் தூக்குவா? கேஸ் சிலிண்டரை யார் நகர்த்துவா? கைக்குழந்தை அழுதா யார் எடுப்பா? கம்பெனியில் லீவு உண்டா, சம்பளம் வருமா? இதுக்கெல்லாம் பதில் இருந்தா உடம்பு தயார்னு அர்த்தம். வீட்டில் ஒருத்தருக்காவது சொல்லியிருக்கணும். யாருக்கும் தெரியாம பண்ற ஆபரேஷனில், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பக்கம் திடீர்னு வீங்கினா ஆட்டோ கூப்பிடக்கூட ஆள் இருக்காது.

22/
திரும்ப அவங்க கதைக்கு வரேன். தழும்பு இறுகின தோலுக்கு அடியில் அப்படியே இம்பிளான்டை வச்சிருந்தா தோல் கிழிஞ்சு அது வெளியே வர்ற ஆபத்து இருந்தது. அவங்களுக்கு வேண்டியது விளம்பரத்துல இருந்த ஆபரேஷனே இல்லை. முதல்ல தழும்பை விடுவிக்கணும், தோலுக்கு இடம் உண்டாக்கணும், அதுக்கப்புறம்தான் மத்தது. அந்தக் கிளினிக்கில் யாராவது ஒரு முறை துணியை விலக்கிச் சரியா பார்த்திருந்தா இது தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு நான் பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்.

23/
ஃபிட்னஸில் கையெழுத்து போடலை. காரணத்தை எழுதிக் கொடுத்தேன். மூணு மாசம் இரும்புச்சத்து, பூச்சி மாத்திரை, முருங்கைக்கீரை, முட்டை. ஹீமோகுளோபின் 10.8 வந்தது. ஸ்டான்லி பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.க்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அட்வான்ஸ் காசு திரும்பி வரலை. குழுக் கடனை இன்னும் கட்டிட்டிருக்காங்க.

24/
போன வாரம் வந்திருந்தாங்க, இந்த முறை வீட்டுக்காரரோட. "தேதி தரேன்னாங்க மேடம். நான்தான் யோசிச்சு சொல்றேன்னுட்டு வந்தேன். தழும்பை மட்டும் இப்ப பண்ணிக்கலாமா, மிச்சத்தைச் சின்னவன் ஸ்கூல் போன பிறகு பாத்துக்கலாமான்னு இருக்கு"ன்னாங்க. வீட்டுக்காரர் நடுவுல ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இருய்யா, நான் பேசிக்கிறேன்"ன்னுட்டாங்க. என்ன முடிவு எடுத்தாலும் சரிதான். தெரிஞ்சு எடுக்கிறாங்க, அதுதான் எனக்கு வேணும்.

25/
சக டாக்டர்களுக்கு, குறிப்பா என்னை மாதிரி ஓ.பி. பார்க்கிறவங்களுக்கு: வரிசை நீளம்தான், எனக்கும் தெரியும். ஆனா "எதுக்குமா?"ங்கற வார்த்தையை ரெண்டு விதமா சொல்லலாம். ஒண்ணு கதவைச் சாத்தும், இன்னொண்ணு கதவைத் திறக்கும். ரெண்டுக்கும் ஆகிற நேரம் ஒண்ணுதான்.

26/
பெண்களுக்கு: வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை இது. பக்கத்து அரசு மருத்துவமனையில் பெண் டாக்டரைத் தனியா பார்க்கணும்னு கேளுங்க, அது உங்க உரிமை. ஸ்டான்லிக்குப் போனா ஓ.பி. சீட்டு போடுற இடத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. எந்த நாள்னு கேட்டுக்கோங்க. யார்கிட்ட கேட்கறதுன்னே தெரியலைன்னா 104க்குப் போன் பண்ணுங்க. யாராவது சிரிச்சா அந்த இடத்தை விட்டு வாங்க, ஆனா விளம்பரத்துக்குப் போகாதீங்க. அடுத்த டாக்டர்கிட்ட போங்க.

தேவைப்படுற ஒருத்தருக்குத் தனியா அனுப்பி வைங்க.